மதுரை – மெட்ராஸ்: இரண்டரை மணி நேரம்

உங்கள் மேஜைக் கம்ப்யூட்டரில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும். இடையில் எத்தனை கிலோமீட்டர், விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும் என்பது கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அரை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்த காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. எனக்குப் பொறாமைதான், ஒளிப்பானேன்? கொடைக்கானலில் அதே வேலையை நான் ஒரு கரும்பலகையையும் சாக்கட்டியையும் வைத்துக்கொண்டு பார்த்தவன்.

புதிதாகத் தொழிலுக்கு வந்த நீங்கள் நாலு பேரும் "அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லுங்கள் சார்" என்றீர்கள். டிக்கெட் போடும் விதத்தை உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. எனக்குத்தான் நீங்கள் சொல்லித்தர வேண்டும். ஒரு காலைப்பொழுதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகம் பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மலைமேல் ரயிலும் கிடையாது, விமானமும் கிடையாது. இரண்டுக்கும் சீட்டு மட்டும் எங்களிடம் கிடைக்கும். ரயிலுக்குக் கீழே கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன், விமானத்துக்கு மதுரை. சீசனில் மிஷன் பள்ளிக்கூடத்துக்காரர்களும் பங்களாக்காரர்களும் கவுண்டரை மொய்த்துவிடுவார்கள். மழை மாதங்களில் மேகம்தான் வாடிக்கையாளர். வாசல் வழியாக உள்ளே வரும், பலகையை வாசிப்பது மாதிரி கொஞ்ச நேரம் நிற்கும், ஒன்றும் வாங்காமல் ஜன்னல் வழியாகப் போய்விடும். அது போன பிறகு பார்த்தால் சாக்கட்டி எழுத்தெல்லாம் ஈரத்தில் கரைந்திருக்கும். தினமும் காலையில் மறுபடி எழுதுவேன். மதுரை – மெட்ராஸ், வழி திருச்சி, இரண்டரை மணி நேரம்.

எழுதும்போது வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். சொல்லச் சொல்ல உடம்பு லேசாகிவிடும். நான் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் சாயங்காலம் வானம் வெளுத்திருந்தால் மலை விளிம்பில் போய் நின்று கீழே சமவெளியைப் பார்ப்பேன். ஒரு நாள் எனக்குக் கீழே, மேகத்துக்கு மேலே, ஒரு விமானம் சத்தமில்லாமல் நகர்ந்ததைப் பார்த்தேன். எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் விமானத்தைக் குனிந்து பார்த்தவன் நான். இன்றைக்கு யோசித்தால் அது நிஜமா, கனவில் பார்த்ததா என்று சந்தேகமாக இருக்கிறது. எதுவாக இருந்தால் என்ன, பார்த்தது பார்த்ததுதான்.

என் லட்சணம் எப்படி என்றால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட அம்மாள், "மெட்ராஸிலிருந்து மதுரைக்குத் திரும்பி வர எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். "மூன்று மணி நேரம் பிடிக்கும்" என்றேன். "போவதற்கு இரண்டரைதானே?" என்றார். "வரும்போது ஏற்றம் அல்லவா அம்மா?" என்றேன். மலை பஸ் இறங்கினால் ஒரு கணக்கு, ஏறினால் ஒரு கணக்கு. ஆகாயத்துக்கும் அதே கணக்கு என்று நினைத்துவிட்டேன். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் குரல். மதுரை விமான அலுவலகத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்க அந்தக் காலத்தில் நேராக எண்ணைச் சுழற்ற முடியாது. டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். லைன் கிடைத்ததும் அந்தக் குரல்தான் கூப்பிடும். "பேசுங்க சார்" என்று சேர்த்துவைக்கும். மூன்று நிமிடம் ஆனதும், மந்திரி பேசினாலும் சரி, மணியக்காரர் பேசினாலும் சரி, "மூணு நிமிஷம் ஆச்சு சார்" என்று நடுவில் புகுந்துவிடும். அழுகிறவர்களிடம்கூட அப்படித்தான் சொல்லும் என்று ஊரில் பேச்சு. ஆறு வருடமாக அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கறாரான பொம்பளை என்று எனக்குக் கொஞ்சம் பயம்.

அறுபதுகள் பிறந்த புதிது. ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மேகத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். தலையோடு போர்த்திய கருப்புக் கம்பளி, காலெல்லாம் சேறு. பள்ளங்கியிலிருந்து இருட்டோடு புறப்பட்டு நடந்தே வந்திருந்தார். பெயர் மாயாண்டி, பூண்டு விவசாயி.

"மெட்ராசுக்குப் போகணும் தம்பி. இன்னைக்கே. சாயங்காலத்துக்குள்ள."

"நேத்து வந்திருந்தா ராத்திரி ரயில்ல ஏத்திவிட்டு, வெள்ளனே கொண்டுபோய் எறக்கியிருப்பேனே ஐயா."

"நேத்து எனக்கே தெரியாதே."

மடியிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினார். அவர் மகன் செல்லையா மெட்ராஸிலிருந்து ஊர் வாத்தியாருக்கு எழுதியது. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கப்பல் ஏறுகிறேன், பினாங்கில் ஒரு கடையில் வேலை, ஐயாவிடம் சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான். வாத்தியார் ஊரில் இல்லாமல், முந்தின நாள் பொழுதடைந்த பிறகுதான் வந்து வாசித்துக் காட்டியிருக்கிறார்.

"காட்டைப் பாக்க மாட்டேன், கடல் தாண்டிப் போறேன்னான் தம்பி. எனக்குக் கோவம். 'போ'ன்னுட்டேன். வெறும் போ. 'போயிட்டு வா'ன்னு சொல்லலே. அவனும் 'வாரேன்'னு சொல்லாம எறங்கிப் போயிட்டான். ரெண்டு மாசமாச்சு. சோறு எறங்கல. கப்பலேறுமுன்னே அந்த ஒரு வார்த்தையச் சொல்லிப்புடணும்."

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைக்குப் போகிறவனைக்கூட நாம் வெறுமனே "போ" என்று அனுப்புவதில்லை. கடல் கடந்து போகிற மகனிடம் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஒரு மனுஷன் இரண்டு மாதம் பூண்டு பிடுங்கியிருக்கிறார்.

எனக்கு நெஞ்சு கனத்தது. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு குதூகலமும் வந்தது. ரயிலால் முடியாத ஒன்றை என் விமானம் முடிக்கப்போகிறது. பலகையைக் காட்டினேன். "கவலைய விடுங்க ஐயா. மதியம் ஒரு மணிக்கு மதுரைல பிளேன். ரெண்டரை மணி நேரந்தான். மூணரைக்கு மெட்ராஸ்ல இருப்பீங்க."

"எம்புட்டு தூரம் தம்பி?"

"ஏறக்குறைய எரநூத்தெழுபது மைல்."

"மைலு கியிலெல்லாம் எனக்குத் தெரியாது. எங்களுக்குக் கூப்பிடு தூரந்தான். இந்தச் சரிவுல நான் நிப்பேன், ஓடைக்கு அங்கிட்டு அந்தச் சரிவுல அவன் நிப்பான். வாயில கைய வச்சு ஒரு கூப்பாடு போட்டா திரும்பிப் பாப்பான். ஊருல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூப்பாடு உண்டு. மேகம் மூடிக் கெடந்தாலும் யாரு யாரைக் கூப்பிடுறாங்கன்னு தெரிஞ்சுபோகும்."

ஒருவர் மதியப் பிளேனில் போயாக வேண்டும் என்று சொல்லி மதுரைக்கு அர்ஜண்ட் கால் பதிந்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தில் இடம் உறுதியாகாமல் யாரையும் மலையிறக்கக் கூடாது. நல்ல வழக்கம்தான். நாலைந்து மணி நேரம் வளைவுகளில் உருண்டு இறங்கி, கீழே போய் "இடமில்லை" என்ற பதிலைக் கேட்டவர்கள் திரும்பி வந்து எங்கள் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள்.

எட்டு மணி பஸ்ஸின் விசில் கேட்டது. மாயாண்டி எழுந்தார். "ஏறிரட்டுமா தம்பி?"

"உக்காருங்க ஐயா. போன் வரட்டும். ரெண்டரை மணி நேரந்தானே."

உட்கார்ந்தார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். பஸ் கிளம்பிப் போன சத்தம் மேகத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியது. நானோ அவருக்கு விமானத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேகம் கீழே பஞ்சு மாதிரி கிடக்கும், காவேரி ஒரு நூல் மாதிரி தெரியும், வீடெல்லாம் தீப்பெட்டி மாதிரி இருக்கும். எல்லாம் யாரோ சொல்லக் கேட்டது. சொல்லச் சொல்ல நானே பறந்துகொண்டிருந்தேன். அவரும் கம்பளிக்குள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அறை முழுக்க வெள்ளை. கவுண்டர் தெரியவில்லை, பலகை தெரியவில்லை. அந்த முக்கால் மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் எந்த ஊரிலும் இல்லை. என் வேலைக்காலத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, அவ்வளவு பெரிய தப்பைச் செய்ததும் இல்லை.

எட்டே முக்காலுக்கு மணி அடித்தது. அந்தக் குரல்.

"சார், அர்ஜண்ட்னீங்களேன்னு நானே ஏர் ஆபீஸ்ல கேட்டுட்டேன். இடம் இருக்குதாம். ஆளு எப்பக் கெளம்புனாரு?"

"இன்னும் கெளம்பலைங்க. உறுதியானதும் அனுப்பலாம்னு..."

"சார், வெள்ளியருவிக்குக் கீழ பெரிய மரம் விழுந்து ரோட்டுல கெடக்குதாம். வத்தலக்குண்டுல இருந்து இப்பத்தான் சொன்னாங்க. எட்டு மணி பஸ்ஸுதான் கடைசியாத் தாண்டுன வண்டி. மரத்தை அறுத்து எடுக்க மத்தியானம் ஆயிரும்."

பலகையைப் பார்த்தேன். அதில் மரம் விழும் நேரம் எழுதியிருக்கவில்லை. மாயாண்டியை நான் பஸ்ஸில் ஏற்றியிருந்தால் இந்நேரம் மலையை இறங்கிக்கொண்டிருப்பார். ஒரு வழக்கத்துக்காகவும், என் ஆகாயக் கதைக்காகவும் அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். எப்படியாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு புத்தி சொன்னது. மரம் விழுந்தது யார் தப்பு? மழை, காற்று, விதி, எதன்மேல் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"ஐயா, என் தப்பு. ஒங்கள எட்டு மணி பஸ்ல ஏத்தியிருக்கணும். இனி பிளேனைப் பிடிக்க முடியாது" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தபால் கார்டை எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ரிசீவரில் குரல் இன்னும் இருந்தது. "சார், லைன்ல இருக்கீங்களா? அவருக்கு மெட்ராஸ்ல என்ன சோலி?"

ஆறு வருடத்தில் வேலையைத் தாண்டி அந்தக் குரல் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான்கூட மாயாண்டியிடம் இதைக் கேட்கவில்லை, சொல்லப்போனால், அவராகச் சொன்னதுதான். சொன்னேன். மகன், கப்பல், சொல்லாமல் விட்ட வார்த்தை எல்லாம்.

"எந்த ஊருக்குப் போற கப்பலு?"

"பினாங்குக்கு."

"அப்ப மெட்ராசுக்கு ஏன் சார் போகணும்? அந்தக் கப்பலு நாளைக்குக் காலைல நாகப்பட்டினத்துல வந்து நிக்குமே! சாயங்காலந்தான் கெளம்பும். ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டிக்காரங்க ஒவ்வொரு தடவையும் நாகப்பட்டினத்துக்கு டிரங்க் போட்டு, 'வெங்காயம் வந்துக்கிட்டிருக்கு, கப்பலை விட்டுராதீங்க'ன்னு அந்தக் கத்து கத்துவாங்க. இன்னைக்கும் ரெண்டு கால் பதிஞ்சிருக்கு. லாரி சாயங்காலம் திண்டுக்கல் வழியாத்தான் போகும். மண்டிக்காரர்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன். ஆறு மணிக்குள்ள அவரத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல நிறுத்துங்க." பிறகு, "மூணு நிமிஷம் ஆச்சு சார்."

தம்பிகளா, தங்கைகளா, இங்கேதான் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். என் மண்டை முழுக்க மதுரையும் மெட்ராஸும் இருந்தன, இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. செல்லையா எங்கே இருக்கிறான், நாளைக்கு எங்கே இருப்பான் என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. கப்பல் வெங்காயம் ஏற்ற நிற்கும் என்று எங்கள் பக்கத்துக் காய்கறிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகாயத்திலேயே குடியிருந்த எனக்குத் தெரியவில்லை. உங்கள் முன்னால் வந்து நிற்கிறவர் ஊர்ப் பெயரைத்தான் சொல்வார். அவர் போக நினைப்பது பெரும்பாலும் ஒரு ஆளிடம். அது யார் என்று கேளுங்கள், வம்பளப்பு என்று யாராவது சொன்னாலும் பரவாயில்லை.

மாயாண்டியிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "பஸ்ஸு எதுக்கு? பழைய குதிரைப் பாதைல நடந்து எறங்கிருதேன். வெரசாப் போனா மூணு மணிக்கு அடிவாரம். அங்கிருந்து வண்டி ஏறிக்கிடுதேன்" என்று கம்பளியை இழுத்துப் போர்த்தினார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். என் தப்பை மன்னித்தாரா, மறந்தேவிட்டாரா தெரியாது. "வாரேன் தம்பி" என்றார். நாலு எட்டு வைப்பதற்குள் மேகம் அவரை மூடிக்கொண்டது.

உடனே தபாலாபீசுக்கு ஓடினேன். மெட்ராஸில் கப்பல் கம்பெனி ஆபீசுக்கு, செல்லையா பெயர் போட்டு, ஒரு எக்ஸ்பிரஸ் தந்தி. அப்பா நாகப்பட்டினம் வருகிறார், மேல்தட்டில் நில். கூட்டத்தில் அவன் கையில் அது சேருமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. திரும்பி வந்து பலகையில் எழுதியிருந்ததை அழித்தேன். அன்றைக்கு முழுக்க அது வெறுமையாகவே இருந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு. ஊருக்கு யாராவது வரும்போதெல்லாம் பள்ளங்கிக்காரர்களா என்று பார்ப்பேன். கண்ணை மூடினால் கடல் வரும். அதையும் நான் பார்த்ததில்லை. நான் பார்த்த மேகத்தையே நீலமாக்கி, அதன்மேல் ஒரு கப்பலை நிறுத்தி, கரையில் கருப்புக் கம்பளியோடு ஒருவரை நிறுத்திப் பார்ப்பேன். கப்பல் நகர்ந்துவிடும். அதற்குமேல் கனவு வராது.

திங்கட்கிழமை மத்தியானம் மாயாண்டி வந்தார். கம்பளியிலிருந்து வெங்காய வாடை வீசியது. நான் வாயைத் திறப்பதற்குள், "அந்தத் தாயிகிட்டப் பேசணும் தம்பி. லாரி சொல்லிவிட்ட தாயி" என்றார்.

கால் பதிந்தேன். லைன் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. மகனைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. மணி அடித்தது. "மதுரைல யாரு சார் வேணும்?" என்றது குரல். "நீங்கதான் வேணும்" என்று சொல்லி ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதற்கு முன் போனைத் தொட்டதில்லை. மதுரை எவ்வளவு தூரம் என்று தெரியுமாதலால், எழுந்து நின்று, ஒரு கையை வாயோரம் குவித்துக்கொண்டு, ஓடைக்கு அங்கிட்டு நிற்கிறவரைக் கூப்பிடுவது மாதிரி ஒரே கத்தாகக் கத்தினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

"ஐயா, ஐயா, மெதுவாப் பேசுங்க, காது போகுது!" என்று குரல் சிரித்தது எனக்கே கேட்டது. அந்தக் குரல் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "வெள்ளனே போய்ச் சேந்துட்டேன் தாயி. கப்பலு கரைக்கு வராதாமே. தூரக்கடல்ல நிக்கிது, எறும்பு கணக்கா. மூட்டை ஏத்துற படகுல பாரந் தூக்குற ஆளு மட்டுந்தான் போகலாம்னுட்டாங்க. தூக்குறேன்னேன். வெங்காய மூட்டை சொமந்து படகுல ஏத்துனேன். கப்பலுக்கிட்டப் போனா, அது மலை கணக்கா நிக்கிது. மேல நூறு தலை. எம்புள்ள எதுன்னு தெரியல. கண்ணுல தண்ணி வேற. மேல ஏறக்கூடாதுன்னுட்டாங்க. படகைத் திருப்புறாங்க தாயி. மூட்டை மேல ஏறி நின்னு, வாயில கைய வச்சு, எங்க வீட்டுக் கூப்பாட்டைப் போட்டேன்."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மேல இருந்து அதே கூப்பாடு வந்துச்சு தாயி. அவந்தான். தந்தி கெடைச்சு விடியக்காலத்துல இருந்து அங்கனயே நின்னிருக்கான். ஏலே செல்லையா, போயிட்டு வாடான்னேன். மூணு தடவ சொன்னேன். வாரேன்யா, வாரேன்யான்னான். படகு கரைக்கு வார வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தான்."

ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் வாங்கிக் காதில் வைத்தேன். அறுந்திருக்கவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பேச ஆரம்பித்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது. "மூணு நிமிஷம் ஆச்சு" என்று அந்தக் குரல் சொல்லவே இல்லை.